கடிதத்தில் நான் சாகடித்த ஆடுகள்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு கைப்பையும் இரண்டு மாற்றுச் சேலையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தேன். இரண்டு கிழமையில் திரும்புவதாகத்தான் எண்ணம். மூன்றாம் கிழமை என் ஊரில் ஒரு சனமும் இல்லை. இராணுவம் நெருங்கி வர, எல்லோரும் கொட்டும் மழையில் ஊரை விட்டு வெளிக்கிட்டுவிட்டார்கள். நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி அறையில் தனியே இருந்தேன். திரும்பிப் போக வழியில்லை. போனாலும் அங்கே பார்க்க ஆளில்லை. என் சோதனை அப்படித்தான் தொடங்கியது.

நம்முடைய ஜெப ஐக்கியத்தின் மாதத்தாளுக்கு இதை எழுதித் தரும்படி பல தடவை கேட்டுவிட்டீர்கள். நான்தான் தட்டிக்கழித்துக்கொண்டு வந்தேன். ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதைச் சொல்லப்போனால் நான் செய்ததையும் சொல்லவேண்டும். தயக்கம் அதனால்தான்.

என் பெயர் சுகந்தி. கால்நடை விஞ்ஞானம் படித்தவள். அப்போது வயது முப்பத்துநான்கு. கலியாணம் ஆகவில்லை. அம்மாவும் அப்பாவும் முன்பே கர்த்தரிடம் போய்விட்டார்கள். ஒரே ஒரு அக்கா, அவளும் கனடாவில். எனக்கென்று இருந்தது என் ஆராய்ச்சி ஒன்றுதான். ஊருக்குக் கிட்ட ஒரு பண்ணையில் இருபத்துநான்கு ஆடுகளை வைத்து, பாதி ஆடுகளுக்குப் புண்ணாக்கும் இலைகுழையும், மற்றப் பாதிக்கு வெறும் குழையும் கொடுத்து, எது எவ்வளவு வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கலாநிதிப் பட்டத்துக்கான ஆராய்ச்சி அது.

கொழும்பில் உள்ள ஒரு நிதிச் சபை அதற்கு மூன்று வருடம் உதவி தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. முதலாவது வருடம் முழுக்க, ஆடுகளைக் கிழமைக்கு ஒரு தடவை தவறாமல் எடை நிறுத்து, அந்தப் பதிவைக் காட்டவேண்டும். அதைப் பார்த்துத்தான் மிச்ச இரண்டு வருடத்துக்கும் தருவார்கள். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு புதிதாக விண்ணப்பிக்கவும் முடியாது. நாலு மாதப் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கத்தான் கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்தேன்.

பண்ணையில் ஆடுகளைப் பார்த்தவர் செல்வராசா. தினக்கூலி ஆள். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். புறப்படும் அன்று, "நான் வருமட்டும் சனிக்கிழமை நிறுவையைத் தவறவிடக்கூடாது, விளங்கிச்சுதோ?" என்று கேட்டேன். "ஓம் மிஸ்" என்றார். வேறொன்றும் நான் சொல்லவில்லை. போயிட்டு வாறன் என்றுகூடச் சொன்னேனோ தெரியாது.

வெள்ளவத்தையில் தனிமை என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். தடுக்கி விழுந்தால் ஒரு தமிழரின் மேல்தானே விழவேண்டும். ஆனால் எல்லோரும் யாரையோ தேடிக்கொண்டிருந்த காலம் அது. இன்னார் எங்கே, கடிதம் வந்ததா, எந்தப் பள்ளிக்கூடத்தில் அகதியாய் இருக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவும் எனக்கு அங்கே யாரும் இல்லை. கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு காலையில் நூலகத்துக்குப் போவேன், பின்னேரம் திரும்பிவருவேன். பஸ்ஸில் வாயைத் திறக்கமாட்டேன். மூன்று நாள் தொடர்ந்து ஒரு மனிதரோடும் பேசவில்லை என்று ஒரு நாள் கண்டுபிடித்தேன். காலி வீதியில் ஒரு கடைக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினேன். "வேற என்ன மிஸ்?" என்று கடைக்காரர் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் போனேன். அறையில் பதினொரு சவர்க்காரக் கட்டி சேர்ந்துவிட்டது.

அக்காவோடு பேச மாதத்துக்கு ஒரு தடவை தொலைபேசிக் கடைக்குப் போவேன். அக்காவுக்கும் என் வாய்தான்.

"ஆடு மேய்க்கிறதுக்கோ இன்னும் அங்கை நிக்கிறாய்? ஏஜென்சிக்காரனோடை கதைச்சிட்டன். வெளிக்கிட்டு வா."

"ஆடு மேய்க்கேல்லை, ஆராய்ச்சி செய்யிறன்."

"எந்த ஆட்டை வைச்சு?"

தொலைபேசிக் கூட்டுக்குள் நின்றபடியே அழுதேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்கள். அங்கே யாரோ ஒருவர் தினமும் அழுகிறவர்தான், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இனி என் பாவத்துக்கு வருகிறேன். கார்த்திகை மாதம் நிதிச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடப்பெயர்வில் பரிசோதனை விலங்குகள் எல்லாம் இறந்துவிட்டன, என் நிலையைக் கருணையோடு பார்க்கவும் என்று எழுதினேன். இறந்துவிட்டன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே முடிவு கட்டினேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கவே இடமில்லாத வீதியில் ஆடு எப்படி மிஞ்சும்? அது மட்டுமில்லை. என்ன ஆயிற்று என்று தெரியாது என்று எழுதினால் இரக்கம் வராது, செத்துப்போயின என்று எழுதினால் வரும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் போட்டேன். இருபத்துநான்கு ஆடுகளையும் ஒரு வரியில் சாகடித்தேன். அவற்றைப் பார்த்துக்கொண்ட மனிதரைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பதில் வந்தது. வருந்துகிறோம், உதவியை இடைநிறுத்தியிருக்கிறோம், ஆவணி மாதக் கூட்டத்துக்கு வந்து விளக்கம் தரவும், முதலாவது வருடப் பதிவு இல்லாத பட்சத்தில் உதவி முடிவுக்கு வரும் என்று இருந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை. இல்லாத ஆட்டுக்கு எவர் தீன் போடுவார்?

நம்முடைய ஐக்கியத்துக்கு நான் வந்தது அந்த நாட்களில்தான். பக்கத்து அறையில் சில காலம் இருந்த ஒரு தாதி சொல்லி, மட்டக்குளி பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். புதன்கிழமைப் பின்னேரம், அந்தப் பழைய மாடிவீட்டின் மேல்தளத்தில் ஜெபக்கூட்டம். என் தேவையைச் சொல்லும்படி கேட்டீர்கள். ஆடுகள் செத்துவிட்டன, உதவி நிற்கப்போகிறது, அதிகாரிகளின் மனம் இளக ஜெபியுங்கள் என்றேன். எல்லோரும் கண்ணை மூடப்போன நேரம் பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. றெஜி அண்ணன். துறைமுகத்தில் கப்பல் சாமான்களை எண்ணிப் பதிகிற கிளாக்கர். அன்றைக்கு எனக்கு அவர் யாரோ.

"மிஸ், ஆடு செத்ததை நீங்க பாத்தீங்களா?"

"இல்லை. ஊரே வெளிக்கிட்டிட்டுது. ஆடு எங்கை மிஞ்சும்?"

"அப்ப பாக்கல."

"பாக்கத் தேவையில்லை. யோசிச்சால் விளங்கும்."

"எனக்கு விளங்காது மிஸ். கப்பல்ல சாமான் கொறையுதுன்னு கேப்டனே சொன்னாலும், நான் கீழ எறங்கி அடித்தட்டு வரைக்கும் பாக்காம கொறைவுன்னு எழுத மாட்டேன். நீங்க ஆபீசர்மாருக்காகக் கேளுங்க. நான் ஆட்டுக்காகக் கேக்குறேன்."

கேட்டார். சத்தமாகவே கேட்டார். "ஆண்டவரே, மிஸ்ஸோட ஆடுங்க எங்க இருந்தாலும் அதுங்களுக்குத் தீனி குடுங்க" என்றார். யாரோ சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. என் முகம் கொதித்தது. படித்த ஒருத்தியைச் சபையில் வைத்துப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். அடுத்த புதனும் அதே ஜெபம். அதற்கடுத்த புதனும் அதே. பிள்ளைகள் என்னை "ஆட்டு மிஸ்" என்று கூப்பிடத் தொடங்கின. மாசி மாதத்தோடு நான் வருவதை நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்தினபிறகுதான் உண்மையான தனிமை எது என்று தெரிந்தது. அதுவரை கிழமைக்கு ஒரு நாளாவது என் பெயரை ஒருவர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தபிறகு பொலிஸ் சோதனைகள் கூடிவிட்டன. வீட்டுக்கார அம்மா அறையைக் காலிசெய்யும்படி நேரே சொல்லவில்லை, ஆனால் என்னைக் கண்டால் கதவைச் சாத்துவா. நான் ஜெபித்தேன். முழங்காலில் நின்று, ஆவணிக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி இருக்கப்போகிறவர்களை ஒவ்வொருவராக நினைத்து, இவருக்கு இரக்கம் கொடும், அவருக்கு இரக்கம் கொடும் என்று கேட்டேன். விண்ணப்பப் படிவம் நிரப்புவது போலத்தான் இருந்தது. கேட்டு முடித்தபிறகும் நெஞ்சில் ஒரு ஈரமும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் வாய்விட்டே சொன்னேன், "ஆண்டவரே, நீர் இருக்கிறீரோ என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என்னைக் காணவில்லை என்று தேட ஒரு ஆளாவது இந்த உலகத்தில் இருக்கிறதா?" கடற்கரை ரெயில் போகிற சத்தம்தான் கேட்டது.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, கீழே யாரோ என்னைக் கேட்டு வந்திருப்பதாக வீட்டுக்கார அம்மா சொன்னா. பொலிஸ் என்று நினைத்தேன். இறங்கிப் போனால், மெலிந்த ஒரு மனிதர் ஒரு துணிப்பையோடு நின்றார். தகப்பனின் கண் சத்திரசிகிச்சைக்காகக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வந்து, நிதிச் சபையில் என் விலாசத்தைக் கேட்டு எடுத்தவராம். என் முழுப்பெயரையும் இரண்டு தடவை கேட்டார். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள்தானோ?"

"நான்தான். ஏன்?"

"ஒண்டுமில்லை. செல்வராசா இதைக் குடுத்துவிட்டவர்" என்று ஒரு தடித்த கொப்பியைத் தந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் போய்விட்டார்.

கொப்பியை மாடிப்படியில் இருந்தே திறந்தேன். ஐப்பசி முதல் ஆனி வரை, சனிக்கிழமை சனிக்கிழமையாக, ஆட்டின் காதுத் தகட்டு இலக்கமும் நிறையும். ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். முதலில் நீல மை, பிறகு பென்சில், பிறகு சிவப்பு மை. எது கிடைத்ததோ அதனால் எழுதியிருக்கிறார்.

"நாவற்குழிப் பாலத்தில் சரியான சனம். 7, 15 கயிறு அறுத்துப் போயிட்டுது. மற்றது எல்லாம் இருக்கு."

"கொடிகாமம். தராசை மாமரத்தில் கட்டினேன். புண்ணாக்கு இல்லை. எல்லாத்துக்கும் பூவரசங் குழை, கிளுவை."

"11 குட்டி போட்டது. பாலைப் பக்கத்துக் கொட்டில் கைக்குழந்தைக்குக் குடுத்தோம். குட்டிக்கு நிறை குறைவு. மிஸ் கோபிக்கவேண்டாம்."

தை மாதத்தில் ஒரு பக்கத்தில் இலக்கங்களே இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தது. "இன்று நிறுக்கவில்லை. அம்மா காலமை மோசம் போயிட்டா. கொண்டுபோய் எரிச்சுப்போட்டு வரப் பொழுதுபட்டிட்டுது. நாளைக்கு நிறுக்கிறேன். மன்னிக்கவும்." அடுத்த பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று போட்டு, எல்லா ஆட்டின் நிறையும் இருந்தது.

அவருக்கு அம்மா ஒருவர் இருந்ததே எனக்குத் தெரியாது. ஆராய்ச்சி தொடங்க முன்பும் பின்புமாக ஒன்றரை வருடம் ஒரே கொட்டிலில் நின்று வேலை செய்தோம். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளாவது நான் கேட்டதில்லை. எனக்காக எத்தனை தரம் முழங்காலில் நின்றேன், அந்த அதிகாரிகளுக்காக எத்தனை தரம் நின்றேன். இந்த மனிதர் உயிரோடு இருக்கவேண்டும் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. படியிலேயே இருந்து அழுதேன். இந்தத் தடவை எனக்காக அழவில்லை. வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தா.

பத்தொன்பது ஆடுகள் மிஞ்சியிருந்தன. என்னிடம் இருந்த நாலு மாதத்தோடு சேர்த்தால் பதிவும் ஒரு வருடத்துக்கு வந்துவிட்டது. சந்தோஷத்தோடு எழுந்து நின்ற பிறகுதான் என் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. எல்லாம் செத்துவிட்டன என்று நானே கையெழுத்து வைத்து எழுதிக்கொடுத்திருக்கிறேன். இனிக் கொண்டுபோய் உயிரோடு இருக்கின்றன என்றால், ஒன்றில் அது பொய், அல்லது இது பொய். வேறு ஆடுகள், புதிதாகத் தொடங்கினோம் என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். காதுத் தகட்டு இலக்கத்தை அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? ஆண்டவர் கடலைக் கடந்து கொண்டுவந்து கையில் தந்ததை, மற்றொரு பொய்யால் சுற்றிக் கொடுக்க நினைத்தேன். என் மனம் அப்படிப்பட்டது.

புதன்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு. கொப்பியைக் காட்டினேன். நீங்கள் எல்லோரும் பாடினீர்கள். றெஜி அண்ணன் மட்டும் பாடவில்லை, கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணக்கெழுதுகிறவர் மற்றக் கணக்கெழுதுகிறவரின் வேலையைப் பார்க்கிற பார்வை அது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கடித விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"பாக்காம எழுதிட்டீங்க" என்றார்.

"ஓம். இப்ப என்ன செய்யிறது அண்ணன்?"

"பிழையா எழுதினதை நாங்க ரப்பர் போட்டு அழிக்க மாட்டோம் மிஸ். குறுக்க ஒரு கோடு. மேல சரியானது. பக்கத்துல கையெழுத்து. பழசும் தெரியணும், புதுசும் தெரியணும்."

"உதவியை வெட்டிப்போட்டாங்கள் எண்டால்?"

"வெட்டலாம்" என்றார். ஆறுதலுக்காகக்கூட வேறு மாதிரிச் சொல்லவில்லை. "நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு இரவு வேலைக்குப் போய்விட்டார்.

ஆவணிக் கூட்டத்துக்குப் போனேன். நீள மேசை. ஐந்து பேர். தலைவர் ஒரு சிங்களப் பேராசிரியர், கண்டிப்பானவர் என்று பெயர். என் பழைய கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த வரிக்குக் குறுக்கே கோடு போட்டு, "நான் பார்க்காமல் எழுதியது. பத்தொன்பது விலங்குகள் உயிரோடு உள்ளன" என்று மேலே எழுதிக் கையெழுத்து வைத்து, கொப்பியோடு மேசையில் வைத்தேன்.

அதை வாசித்துவிட்டுத் தலைவர் ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டார். இங்கிலீஷில்தான் பேசினோம். செத்துப்போயின என்றால் இரக்கம் வரும் என்று நினைத்தேன் என்றேன். பக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் கொப்பியைத் தள்ளிவைத்தார். தினக்கூலி ஆள் எழுதியது, யாருடைய மேற்பார்வையும் இல்லை, தீனும் மாறிவிட்டது, நிறைகளை அவர் இருந்த இடத்திலேயே இருந்து எழுதியிருக்கலாமே என்றார். அதற்கு என்னிடம் நிரூபணம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த மனிதர் அப்படிச் செய்யமாட்டார் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த மனிதரை எனக்குத் தெரியவே தெரியாதே.

தலைவர் கொப்பியை எடுத்துப் புரட்டினார். தமிழ் வாசிக்கத் தெரியாதவர், இலக்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். இலக்கம் இல்லாத பக்கத்தில் நின்றார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்து மொழிபெயர்த்தேன். அம்மா என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. இரண்டாவது தடவைதான் முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த உறுப்பினரைப் பார்த்து, இருந்த இடத்தில் இருந்து பொய் எழுதுகிறவன் எல்லாச் சனிக்கிழமையும் எழுதுவான், ஒரு நாளை வெறுமையாக விட்டு மன்னிப்புக் கேட்கமாட்டான் என்றார்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் ஒரு மரக்கதிரை. அதில் இருந்துகொண்டு நான் அந்த அதிகாரிகளுக்காக ஜெபிக்கவில்லை. முதல் தடவையாகச் செல்வராசாவுக்காக ஜெபித்தேன். அவருடைய மனைவிக்காக, பிள்ளைகளுக்காக. பெயர்கூடத் தெரியாமல் ஜெபித்தேன். அந்த அரைமணித்தியாலம் நான் தனியாக இருக்கவில்லை, கர்த்தர் பக்கத்தில் இருந்தார் என்று என்னால் சத்தியம் பண்ணமுடியும்.

திரும்பக் கூப்பிட்டார்கள். பழைய ஆராய்ச்சி போனது போனதுதான் என்றார் தலைவர். ஆனால் கடைப்புண்ணாக்கு ஒரு பிடிகூட இல்லாமல், வேலிக்குழையை மட்டும் தின்று, இடம் மாறி இடம் மாறி ஆடுகள் எப்படி உயிர் பிழைத்தன என்ற பதிவு வேறு எவரிடமும் இல்லை, இனி அதுவே உமது ஆராய்ச்சி என்றார். மிச்ச இரண்டு வருடத்துக்கும் உதவி தந்தார்கள். கூடவே, உண்மை அறியாமல் எழுதிக்கொடுத்ததற்காக ஒரு கண்டிப்புக் கடிதமும் தந்தார்கள். இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். செல்வராசாவைச் சம்பளம் உள்ள கள உதவியாளராகச் சேர்க்கவேண்டும் என்று நான் கேட்டேன். கேட்கிற தகுதி எனக்கு இருக்கவில்லை, கேட்டேன், கொடுத்தார்கள்.

அடுத்த வருடம் கப்பலில் ஊருக்குப் போனேன். பண்ணைக் கூரையில் பாதி இல்லை. ஊர் திரும்பியிருந்த செல்வராசா அண்ணை கொட்டிலுக்குள் நின்றார். ஓம், இப்போது அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். என்னைக் கண்டதும் கையில் இருந்த குழையைக் கீழே போட்டுவிட்டு நின்றார். தேத்தண்ணி குடிக்கும்போது அவருடைய மனைவி புஷ்பம் அக்காதான் சொன்னா. "தை மாசம் வன்னியாலை வந்த ஒராள் சொன்னவர் மிஸ், உங்களைக் கொழும்பிலை பிடிச்சுக்கொண்டு போட்டினம், பிறகு ஆளில்லை எண்டு. இவர் அதுக்குப் பிறகுதான் இன்னும் பிடிவாதமாய் ஆடுகளை நிறுத்துக்கொண்டிருந்தவர்."

கொப்பி கொண்டுவந்த மனிதர் என் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் அண்ணையிடம் கேட்டேன், "நான் செத்துப்போனன் எண்டு சொன்னபிறகும் ஏன் நிறுத்துக்கொண்டே இருந்தனீங்கள்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நிறுக்காமல் விட்டால், நீங்கள் இல்லையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ மிஸ்."

வெள்ளிக்கிழமைகளில் என் பெயரைச் சொல்லிப் பிள்ளையாருக்கு விளக்கும் வைத்திருக்கிறார். இந்தப் பகுதியை விட்டுவிடும்படி உங்களில் சிலர் எனக்குச் சொன்னீர்கள். விடமாட்டேன். என்னைத் தேட ஒரு ஆளாவது இருக்கிறதா என்று நான் அந்த அறையில் ஆண்டவரோடு சண்டை பிடித்த அதே மாதங்களில், அந்த மனிதர் கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில் இருந்து என்னைச் சாகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட கேள்விக்கு ஆண்டவர் தந்த பதில் அதுதான். அது எந்த வழியால் வந்தது என்று கேட்க நான் ஆளில்லை.

பட்டம் கிடைத்தது. வேலை கிடைத்தது. இன்றைக்கும் வெள்ளவத்தையில் தனியாகத்தான் இருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் காலையில் ஜெபிக்க உட்கார்ந்தால் என் பெயர் கடைசியில்தான் வருகிறது, அதற்கு முன்னால் ஒரு வரிசை ஆட்கள் நிற்கிறார்கள். அந்த வரிசை என்னைத் தாங்குகிறது. ஆண்டவருக்கு நன்றி. பகிடியைப் பொருட்படுத்தாமல் ஆட்டுக்காகக் கேட்ட றெஜி அண்ணனுக்கும் நன்றி.

இப்போது மறுபடி சண்டை தொடங்கி, யாழ்ப்பாணப் பாதை மூடிக்கிடக்கிறது. ஏழு மாதமாக அண்ணையிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. பண்ணைப் பக்கம் ஷெல் விழுந்தது என்று ஒருவர் சொல்கிறார், அங்கே யாரும் இல்லை என்று மற்றவர் சொல்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் எங்கேயாவது இருப்பார், இனி இல்லை என்று நீங்கள் மனதுக்குள் முடித்துவைத்த ஒருவர். இந்தக் கிழமை அவருக்காகக் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். கேட்கும்போது இந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்வராசா. மனைவி புஷ்பம். பிள்ளைகள் கவிதா, ரஞ்சன், சின்னவள் நிலா. ஐந்து பேரும் இருக்கிறார்கள் என்று வைத்தே கேளுங்கள்.